பல்லை வெளுக்கணுமா? முதல்ல எனாமலைக் காப்பாத்துங்க!

(பிளவக்கல் அணைப் பக்கத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினர் கூடியிருந்த ஒரு மாலை நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செல்போனில் படிக்கும் உங்களுக்காகப் பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



இந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "அணையில தண்ணி எவ்வளவு நிக்குது?" என்பதுதான். பெரியாறு அணை, கோவிலாறு அணை இரண்டையும் சேர்த்துத்தான் பிளவக்கல் என்கிறோம். கரை நல்லா இருந்தால்தான் வத்திராயிருப்பு வயலுக்குத் தண்ணீர். கரையில் ஒரு சின்னக் கசிவு தெரிந்தால்கூட அதிகாரிகள் ஓடி வந்து பார்ப்பார்கள். கரையைச் சரி பண்ண சிமெண்டு இருக்கிறது, ஆள் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது.

நம்ம வாயிலும் ஒரு கரை இருக்கிறது. அதன் பெயர் எனாமல். அது கரைந்து போனால் திரும்பக் கட்ட உடம்பில் ஆளே இல்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பல்லை வெள்ளையாக்குகிறேன் என்று நாமே அந்தக் கரையை உடைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

என் சித்தி மகள், எனக்குத் தங்கச்சி முறை. போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயதார்த்த போட்டோவை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட, இன்னொருவர், "பொண்ணு சிரிக்காம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று எழுதிவிட்டார். அவளுடைய முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே வெள்ளைத் திட்டும், இடையிடையே பழுப்பு நிறக் கோடும் உண்டு. அன்று ராத்திரியே செல்போனில் தேடி ஒரு 'பல் வெண்மை' ஜெல் ஆர்டர் போட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பெட்டியில் 15 நிமிடம் என்று போட்டிருந்தது. இவள் அவசரத்தில் ஒரு மணி நேரம் வைத்திருக்கிறாள். தினமும், அதுவும் காலையும் மாலையும். ஐந்தாவது நாள் ஈறு ஓரம் வெள்ளையாக வெந்துபோனது. ஆறாவது நாள் பானைத் தண்ணீர் குடித்தால்கூடப் பல் சுரீர் என்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்த பால்கோவாவை ஒரு வாய் வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான், "அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று போன் வந்தது.

மீதிக் கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் பல்லுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

எனாமல் என்றால் என்ன?

பல்லின் மேலே இருக்கும் கெட்டியான ஓடுதான் எனாமல். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கெட்டி. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். கடைவாய்ப் பல்லின் மேடான இடத்தில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறு பக்கம் வர வர மெலிந்துவிடும்.

எனாமலை உருவாக்கும் செல்கள் பல் ஈறுக்குள் இருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். பல் முளைத்து வெளியே வந்ததும் அந்தச் செல்கள் போய்விடும். கையில் காயம் பட்டால் தோல் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான். லேசாக இளகிய எனாமலை எச்சிலில் உள்ள கால்சியமும் பற்பசையில் உள்ள புளோரைடும் மறுபடி கெட்டிப்படுத்தும். ஆனால் தேய்ந்து போனதைக் கொண்டுவர முடியாது.

எனாமலுக்குக் கீழே டென்டின் என்று ஒரு அடுக்கு. அதன் இயற்கை நிறமே இளமஞ்சள். எனாமல் ஓரளவு கண்ணாடி மாதிரி என்பதால் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். அதனால்தான் ஆரோக்கியமான பல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்காது. லேசான மஞ்சள் நோய் இல்லீங்க. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மஞ்சள் கூடுவதும் இயல்புதான்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் புளியங்குடி வரும். எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். எலுமிச்சை நல்ல பழம், ஜூஸ் போட்டுக் குடிங்க, ஊறுகாய் போடுங்க. பல்லில் மட்டும் தேய்க்காதீங்க. வாயில் அமிலத்தன்மையின் அளவு பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 3-க்குள். அதைப் பல்லில் தேய்த்தால் மேல்கறை போய் இரண்டு நாள் வெள்ளையாகத் தெரியும். கூடவே எனாமலும் போகும். எனாமல் மெலிந்ததும் உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளையாக்கப் போய் நிரந்தர மஞ்சளை வாங்கி வருகிறோம்.

அடுத்தது உமிக்கரி, அடுப்புச் சாம்பல், செங்கல் பொடி, உப்பு. "எங்க பாட்டி அதுலதான் தேய்ச்சாங்க, எழுபது வயசு வரைக்கும் பல் இருந்துச்சு" என்று ஒருவர் சொல்வார். இருந்திருக்கும். அந்தக் காலத்தில் சர்க்கரையும் குளிர்பானமும் இந்த அளவுக்கு இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் கீறல் விழும். பல்லிலும் அதேதான். இப்போது அதே கரியைக் கறுப்புப் பற்பசையாகவும் பொடியாகவும் அழகான டப்பாவில் விற்கிறார்கள். டப்பா மாறினாலும் உராய்வு உராய்வுதான்.

புகையிலைப் பல்பொடி பற்றியும் ஒரு வார்த்தை. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. எங்காவது விற்றால் அது சட்டப்படி தவறு. வாங்காதீங்க.

மருத்துவர் செய்யும் வெண்மைச் சிகிச்சை

அப்படியென்றால் பல்லை வெள்ளையாக்கவே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான முறை இருக்கிறது.

இதற்குப் பயன்படும் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை மெதுவாக வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடு. அதிலிருந்து வரும் ஆக்சிஜன் பல்லுக்குள் போய் நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. இது சுரண்டும் வேலை அல்ல. 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு என்றால் அதிலிருந்து கிடைப்பது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பல்லின் அளவுக்குச் செய்த தட்டில் இந்த மருந்தை வைத்து இரவில் போட்டுக்கொள்ளும் முறையை 1989-ல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட், ஹைமன் இருவரும் வெளியிட்டார்கள். இன்று வரை மருத்துவர்கள் அதிகம் நம்பும் முறைகளில் அதுவும் ஒன்று.

மருந்தின் அளவு கூடினாலோ, நேரம் கூடினாலோ, ஜெல் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தாலோதான் ஆபத்து. எனாமல் மேற்பரப்பு இளகும், ஈறு வேகும், பல் கூசும். ஐரோப்பிய நாடுகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள பொருளைக் கடையில் நேரடியாக விற்கக் கூடாது. 0.1-க்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் மூலமாகத்தான் கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே கிடையாது. 2012-லிருந்து அங்கே இதுதான் விதி. பல் வெளுப்பது அழகு நிலைய வேலை இல்லை, பல் மருத்துவம்தான் என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் 2013-ல் சொல்லிவிட்டது. இங்கே நாம் 499 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று நாமே செய்துகொள்கிறோம்.

சிகிச்சைக்குப் போவதற்கு முன் இதையெல்லாம் கவனியுங்க.

ஒன்று, முதலில் பரிசோதனை. சொத்தை, விரிசல், ஈறு நோய் இருந்தால் அதைச் சரி செய்த பிறகுதான் வெளுப்பு. ஓட்டை வழியாக மருந்து உள்ளே போனால் நரம்பைத் தொடும்.

இரண்டு, பல் சுத்தம். பல பேருக்கு டீக்கறையும் வெற்றிலைக் கறையும் காரையும்தான் பிரச்சினை. அதை எடுத்தாலே பாதி நிறம் திரும்பிவிடும். வெளுப்பே தேவைப்படாமல் போகலாம்.

மூன்று, அடைத்த பல்லும் செயற்கை உறை போட்ட பல்லும் இந்த மருந்துக்கு நிறம் மாறாது. சுற்றியுள்ள பல் மட்டும் வெளுத்து, அது தனியாகத் தெரியும். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்க.

நான்கு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் தள்ளிப் போடுங்க.

ஐந்து, மருந்தின் பெயர் என்ன, எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று கேட்டு எழுதி வாங்குங்க. கேட்பது உங்கள் உரிமை.

சிகிச்சை நடக்கும் நாட்களில் லேசான கூச்சம் வரலாம், பெரும்பாலும் சில நாளில் போய்விடும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசை உதவும். கூச்சம் கூடினால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்க. "வலிச்சாத்தான் வேலை செய்யுது" என்பது தப்பான எண்ணம். முதல் இரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட், வெற்றிலை வேண்டாம். குளிர்பானம், எலுமிச்சை ஜூஸ், புளிப்பு மிட்டாய் இதெல்லாம் அந்த வாரம் முழுக்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெளுத்த உடனே பல் அதிக வெள்ளையாகத் தெரிவதற்குப் பல் உலர்ந்திருப்பதும் ஒரு காரணம். சில நாளில் நிறம் கொஞ்சம் இறங்கும். "மருந்து போச்சு" என்று உடனே இரண்டாவது முறை போடாதீங்க. எனாமல் கெடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பத் திரும்பப் போடும் ஆசையில்தான்.

தங்கச்சியின் பல்லில் இருந்தது கறை இல்லை

இப்போது மீதிக் கதை. மறுநாளே அவளை ஒரு அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயசுல எந்த ஊர்மா?"

அவள் பிறந்து எட்டு வயது வரை வளர்ந்தது தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். சித்தப்பாவுக்கு அங்கேதான் வேலை. அதன் பிறகுதான் வத்திராயிருப்பு வந்தார்கள்.

"இது அழுக்கு இல்லம்மா. புளோரோசிஸ். நீ குடிச்ச போர்த் தண்ணியில புளோரைடு அதிகம். பல் ஈறுக்குள்ள உருவாகும்போதே விழுந்த திட்டு. இதை ஜெல் போட்டு எடுக்க முடியாது."

என் தங்கச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் ஒழுங்கா பல் தேய்க்காததால இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் இருபது வருஷம் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன்.

இது நம்ம மாநிலத்துக்குப் புதுசு இல்லை. இந்தியாவில் புளோரோசிஸ் முதலில் பதிவானதே அன்றைய சென்னை மாகாணத்தில்தான், 1937-ல், நெல்லூர் பகுதியில். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவை. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரை எடுத்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். என் தங்கச்சிக்குப் பல் உருவான காலத்தில் அந்தத் தண்ணீர் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது வயது. முன்பற்களில் இந்தத் திட்டு விழுவது குழந்தைப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். பெரியவர்கள் பல்லில் புதிதாக வராது. அதனால் இதைத் தடுப்பது குழந்தை குடிக்கும் தண்ணீரில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அளவுப்படி ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

புளோரோசிஸ் உள்ள பல்லுக்கு வெளுப்பு மருந்து போட்டால் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியலாம். இதற்கு வேறு சிகிச்சைகள் உண்டு. மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது, திட்டுக்குள் பிசின் ஊடுருவ வைப்பது, மேல் உறை ஒட்டுவது என்று. சிலவற்றில் எனாமல் கொஞ்சம் போகும். எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கடைவாயில் ஒரு சின்னச் சொத்தையும் இருந்தது. அவளுக்கே தெரியாது. கூச்சத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். அதை அடைத்தார்கள். ஜெல்லைக் குப்பையில் போடச் சொன்னார்கள். ஈறு பத்து நாளில் ஆறியது.

உங்களுக்கு இருக்கும் சேவைகள்

இனி குறித்துக்கொள்ளுங்க, அல்லது இந்தப் பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

பல் வலி, கூச்சம், சொத்தை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்க. பரிசோதனைக்கும் அவசியமான சிகிச்சைக்கும் அதுதான் முதல் வாசல். எந்த நாள், எத்தனை மணி என்று விசாரித்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-க்குப் போன் போடுங்க. அது அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கிறது. பல் சொத்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீங்க.

தனியார் பல் மருத்துவமனைக்குப் போனால் மருத்துவரின் பதிவு எண்ணைப் பாருங்க. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். அழகு நிலையத்தில் ஒரு ஊதா விளக்கைக் காட்டிப் பல்லை வெளுக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்க.

உங்க ஊர் போர்த் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும் பாட்டில் எப்படி இருக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க. ஊராட்சியிலும் களப் பரிசோதனைப் பெட்டி பற்றி விசாரிங்க.

ஆன்லைனில் வாங்கிய பொருளால் பாதிப்பா? பெட்டி, பில், ஆர்டர் விவரம், பாதிப்பின் போட்டோ, மருத்துவர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது, நமக்குப் பக்கம்தான். பாதிப்பு நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் அல்லது சேவை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.

என் தங்கச்சி அந்தப் பெட்டியைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டாள். புகார் கொடுக்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தினமும் செய்ய வேண்டியது

செலவில்லாத வெண்மைச் சிகிச்சை தினசரி பழக்கம்தான். மென்மையான பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம், அழுத்தாமல். இரவு தேய்ப்பதுதான் முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைவதால் அமிலத்தைத் தடுக்க ஆள் இல்லை. புளிப்பாகச் சாப்பிட்டாலோ வாந்தி எடுத்தாலோ உடனே தேய்க்காதீங்க. வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் விட்டுத் தேயுங்க. அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலை அப்போதே தேய்த்தால் உரிந்து வந்துவிடும்.

பற்பசை டியூபைத் திருப்பிப் பாருங்க. புளோரைடு பற்பசை என்றால் எத்தனை பி.பி.எம். என்று அச்சிட்டிருக்க வேண்டும். நம்ம நாட்டு விதிப்படி 1000 பி.பி.எம்.-க்கு மேல் போகக் கூடாது. பெரியவர்களுக்கு அது நல்லது, எனாமலைக் காக்கும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுங்க. தண்ணீரிலேயே புளோரைடு அதிகம் உள்ள ஊர் என்றால் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று மருத்துவரிடம் கேளுங்க.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் தங்கச்சி எனக்குப் போன் பண்ணினாள். "போட்டோல திட்டு தெரியும்ல அக்கா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். "தெரிஞ்சா தெரியட்டும். யாராவது கேட்டா தண்ணி கதையைச் சொல்றேன்" என்றாள். ஆல்பத்தில் எந்தப் படத்திலும் அவள் கை வாயை மறைக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பால்கோவாவும் ஒரு வெட்டு வெட்டினாள், கூச்சமே இல்லாமல்.

உங்க வீட்டிலும் வாயைப் பொத்திச் சிரிக்கும் ஒருவர் இருக்கலாம். அவரிடம், "ஒழுங்கா பல் தேய்" என்று சொல்வதற்கு முன்னால், "சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சே?" என்று கேளுங்க. பிறகு செல்போனில் ஜெல் தேடாமல், பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்க.